சித்திரகுப்தன் மீது வழக்குத் தொடுத்தவனின் நோய்க்குறிப்பு

சாட்சியாக வந்திருக்கும் வாசகரே, வணக்கம். மேடையில் நான் முதலில் நடுவரைத்தான் விளிப்பேன். தீர்ப்பு அவர் கையில் இருப்பதால். இங்கே நடுவர் இல்லை. உங்களிடம் தீர்ப்புக் கேட்கப்போவதும் இல்லை. மனிதன் செய்வதையெல்லாம் சூரியனும் சந்திரனும், காற்றும் நெருப்பும், பகலும் இரவும், இரண்டு அந்திகளும் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்றும், அவன் இறந்தபின் எமன் சபையில் அவையே சாட்சி சொல்கின்றன என்றும் புராணம் கூறும். அவற்றின் பக்கத்தில் நீங்களும் சற்று நின்று கேட்டால் போதும்.

என் பெயர் கதிரவன். வயது இருபத்தைந்து. சேலையூரில் பெற்றோருடன் இருக்கிறேன். வார நாட்களில் நாவலூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை; சனி, ஞாயிறுகளில் பட்டிமன்றமும் வழக்காடு மன்றமும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை என் குரல் ஒலிக்காத கோயில் திருவிழாக்கள் குறைவு. இது தற்பெருமைதான், ஆனால் பொய்யன்று. ஒலிபெருக்கி நின்றுபோனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்று என்னை அறிமுகம் செய்வார்கள். அந்த அறிமுகத்தை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

கடந்த சித்ரா பௌர்ணமி அன்று மாலை பெருங்களத்தூரில் ஒரு கோயிலில் வழக்காடு மன்றம். நீதிமன்றம் போலவே நடக்கும் நிகழ்ச்சி அது. புராணப் பாத்திரம் ஒன்றின்மீது ஒருவர் குற்றம் சாட்டுவார், மற்றொருவர் மறுப்பார், நடுவர் தீர்ப்பளிப்பார். அன்று குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவன் சித்திரகுப்தன். ஒவ்வொருவரின் பாவ புண்ணியங்களையும் எழுதிவைத்து, இறந்தவன் வந்து நிற்கும்போது எமனுக்கு வாசித்துக் காட்டும் கணக்கன். அவன்மீது வழக்குத் தொடுத்தவன் நான்.

என் குற்றச்சாட்டு ஒன்றுதான்: எழுதப்படுகிறவனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எழுதுகிறான். திருடனுக்கும் வாக்குமூலம் உண்டு, எமலோகத்தில் இல்லை. தொலைவில் நடப்பதைக் கேட்கும் செவியும் பார்க்கும் கண்ணும் உள்ள சிரவணர்கள் பன்னிருவர் வந்து சொல்கிறார்கள், இவன் எழுதிக்கொள்கிறான். கேட்டிருந்தால் அவன் சொல்லியிருக்க மாட்டானா, ‘ஐயா, நான் செய்தது இதனால்தான்’ என்று? இந்த வரிக்குக் கைதட்டல் வரும் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். வந்தது.

அன்று அம்மாவுக்கு நோன்பு. பூஜை அலமாரியின் முன்னால் அரிசி மாவில் ஓர் ஆளை வரைந்து, ஒரு கையில் ஏடும் மறு கையில் எழுத்தாணியும் போட்டு, பக்கத்தில் ஒரு புது நோட்டையும் பேனாவையும் வைத்திருந்தார். பாவத்தைச் சிறிதாக்கிப் புண்ணியத்தைப் பெரிதாக்கி எழுதும்படி வேண்டிக்கொள்வது வழக்கம். அந்த நோன்பில் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை. சித்திரகுப்தன் பசுவின் வயிற்றில் பிறந்தவன் என்பதால் பசும்பாலும் ஆகாது. தேங்காய்ப்பால் விட்ட பச்சரிசிக் கஞ்சியை என் முன்னால் வைத்து, “நீ அவரத் திட்டத்தான போற? வயித்தையாவது சுத்தமா வச்சுக்கிட்டுப் போய்த் திட்டு” என்றார். சிரித்துக்கொண்டே குடித்தேன். மேடைக்குக் கிளம்பும்வரை அதுதான் உணவு.

நான் மறைத்தது இனி வருகிறது.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன், வண்டலூரில் விநாயகர் சதுர்த்தி மேடை ஏறும் நேரத்தில் எனக்குத் தொண்டை கட்டியது. உடன் பேச வந்தவர் ஒரு சின்ன மாத்திரையை நீட்டி, “போடு மச்சான், அரை மணி நேரத்துல வெண்கலம்” என்றார். எங்கள் வட்டாரத்தில் அதற்குக் குரல் மாத்திரை என்று பெயர். உண்மையில் அது ஸ்டீராய்டு. நம் உடம்பில் ஒரு சுரப்பி தானே சுரந்துகொள்ளும் ஒரு பொருளை ஒத்த மருந்து. வீக்கத்தை அடக்கும், ஆகவே தொண்டை திறக்கும். மேடை நாளில் மட்டும் என்று தொடங்கினேன். பிறகு முதல் நாளும் சேர்ந்துகொண்டது. தை பிறந்தபோது நாள்தோறும் என்றாகியிருந்தது. மருந்துக் கடையில் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. மற்றவர்களின் குரலைப் பற்றி, ‘அது தொண்டையில் பிறந்ததல்ல, மருந்துக் கடையில் பிறந்தது’ என்று மேடையிலேயே நான் கேலி செய்ததும் இந்த மாதங்களில்தான்.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு தெருமுனைப் பதாகையில் என் முகத்தைப் பார்த்தேன். கன்னங்கள் உப்பி முகம் முழு வட்டமாகியிருந்தது. பிள்ளைக்கு உடம்பு தேறியிருக்கிறது என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தார். நான் கைப்பேசியில் தேடினேன். மாத்திரையின் வேலை என்று இருந்தது. அன்றே நிறுத்திவிட்டேன். திடீரென நிறுத்தக் கூடாது என்று அதற்கடுத்த வரியில் இருந்ததை நான் படிக்கவில்லை.

மூன்றாம் நாளிலிருந்து களைப்பு. பிறகு குமட்டல். படி ஏறினால் கண் இருண்டது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று மேடையில் நான் பேசியது ஒளிப்பதிவில் இருக்கிறது. நன்றாகவே பேசியிருக்கிறேன். என்னை மறுத்துப் பேசத் தமிழாசிரியை ஒருவர் எழுந்தபோது மேடை மெதுவாகச் சாய்ந்தது. நான் அதைத் தடுக்க முயலவில்லை. விழுந்தது மேடையன்று, நான் என்பது தரையில் கன்னம் பட்டபோதுதான் தெரிந்தது. கூட்டத்தில் யாரோ, “கணக்குப்புள்ளைய வம்புக்கு இழுத்தான்ல, கைமேல பலன்” என்றது காதில் விழுந்தது. முன்வரிசையில் இருந்த அம்மாவின் காதிலும் விழுந்திருக்கும்.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் டாக்டர் ஜெசிந்தா என்றொருவர் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். முந்தைய நோய் உண்டா, ஒவ்வாமை உண்டா, குடிப்பதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, “வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க.”

என் தலைமாட்டில் அம்மா நின்றிருந்தார்.

“இல்லை டாக்டர். சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் இந்த உடம்புக்குள் போனதில்லை.”

இரத்த அழுத்தம் எண்பதுக்கு ஐம்பது. நாக்கு உலர்ந்து ஒட்டியிருந்தது. அந்த நிலையிலும் வாக்கியம் சரியாக அமைந்தது. அவர் எழுதிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. “சோடியம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. உடம்புல இருக்கற உப்புதான். அது கொறஞ்சா பி.பி. இறங்கும், மயக்கம் வரும், மூளையும் மந்தமாயிடும்” என்று டாக்டர் அம்மாவிடம் எளிமையாகச் சொன்னார். எளிமையாகச் சொன்னதுதான் வினை. உப்பு என்ற சொல் விழுந்ததும் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் மனம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கிவிட்டதாக நினைத்தார்கள்.

அடுத்த இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் உணர்ச்சி எதுவும் இல்லை. நிகழ்ச்சிகள் மட்டுமே உள்ளன. உப்புநீர் சொட்டுச் சொட்டாக ஏறியது. அழுத்தம் ஏறும், பிறகு இறங்கும். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் மூளைக்கு ஒரு ஸ்கேன், இதயத்துக்கு ஒரு எக்கோ எடுத்தார்கள். இரண்டிலும் குறையில்லை. காத்திருக்கும் தாழ்வாரத்தில் “கதிரவன்” என்று அழைத்தபோது, அந்தக் கதிரவன் எழுந்து போகட்டும் என்று நானும் காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில்கள் போயின. பயம் வரவேண்டிய இடம் மரத்துக் கிடந்தது. அப்பா காலைதோறும் பேருந்தில் வெந்நீர்க் குடுவையோடு வருவார். ரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர், பேச்சு குறைவு. மூன்றாம் நாள் சவரக் கத்தி கொண்டுவந்து எனக்கு முகம் மழித்துவிட்டார். கன்னத்தை இரு விரலால் இழுத்துப் பிடித்தபோது, அது முன்போல் உப்பலாக இல்லை என்பதைக் கவனித்தார் போலும். சற்று நின்று, பிறகு தொடர்ந்தார். நான் நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

என் அறையில் இரண்டு கட்டில்கள். திரைக்கு அப்பால் மாரி அண்ணன். இரும்புலியூரில் ஆட்டோ ஓட்டுபவர், சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். அவரிடம் டாக்டர் கேள்வி கேட்கும்போது அறையே கேட்கும்.

“பீடி?”

“ஒரு நாளிக்கு ஒரு கட்டு.”

“குடி?”

“வாரத்துக்கு ரெண்டு குவாட்டர். தீபாவளின்னா கணக்கு இல்ல டாக்டர்.”

“மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா?”

“பாதி நாள் போடல. மறந்துட்டேன்னு சொல்லலாம், ஆனா மறக்கல. வேணும்னுட்டுதான் போடல.”

செவிலியர் சிரித்துவிட்டார். டாக்டர் போனபின் மாரி அண்ணன் திரையை விலக்கி என்னைப் பார்த்தார். “இன்னா தம்பி, உன் ஷீட்டுல ஒண்ணுமே இல்லியாமே. பீடி இல்ல, குடி இல்ல, மாத்திர இல்ல. சாமியாரு கணக்கா கீற. அப்புறம் இன்னாத்துக்கு இங்க வந்து பட்த்துகினு கீற?”

அவரே தொடர்ந்தார்: “அம்மா சொன்னாங்கோ. சித்திரகுப்தனாண்டயே கேஸு போட்டியாமே. இன்னா கேஸு?”

“மனிதனைக் கேட்காமல் எழுதுகிறான் என்று.”

அவர் யோசித்தார். “கேட்டா மட்டும் நாம கரீட்டா சொல்லிடுவோமா? போலீஸ்காரன் லைசன்ஸு கேட்டா வூட்ல கீதுன்னுதான் சொல்றோம்.” சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். எட்டு ஆண்டு மேடை அனுபவத்தில் என் வாதத்துக்கு இவ்வளவு குறுகிய மறுப்பு வந்ததில்லை. அதுகூட அப்போது வலிக்கவில்லை.

அன்று மாலை டாக்டர் ஜெசிந்தா மறுபடி வந்தார். “நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஒரு பிளட் டெஸ்ட். கார்ட்டிசால்.” சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி வைத்தாற்போல ஒரு சுரப்பி உண்டாம். காய்ச்சல், பட்டினி, வெயில் என எந்த அதிர்ச்சி வந்தாலும் உடம்பு தாங்குவதற்கு அது சுரப்பதுதான் கார்ட்டிசால். “அது சுரக்கலன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். சுரப்பியே கெட்டுப்போயிருக்கலாம். இல்ல, வெளியிலேந்து ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாள் உள்ள போனா, நமக்கு வேலை இல்லன்னு அது தூங்கிடும். அதான் திரும்பக் கேக்கறேன். மூச்சுக்கு, தோலுக்கு, தொண்டைக்கு, எதுக்காவது எப்பவாவது?”

தொண்டைக்கு என்று அவர் வாயாலேயே சொன்னார். இதைவிட எளிதாக யாரும் கேட்க முடியாது. அம்மா எனக்காக ஆற்றிய கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இயற்கைக் குரல், அது கடவுள் கொடுத்தது என்று உறவெல்லாம் சொல்லி வைத்திருக்கும் அம்மா. திரைக்கு அப்பால் மாரி அண்ணன் அசையும் சத்தம் நின்றிருந்தது.

“இல்லை டாக்டர்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். முந்தையதற்குக் கீழே மறுபடியும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் முடிவு வந்தது: கார்ட்டிசால் ஏறக்குறைய இல்லை. உடனே அதற்கு ஈடாக நரம்பில் ஓர் ஊசி போட்டார்கள். நான்கு மணி நேரத்தில் எனக்குப் பசித்தது. பத்து நாட்களாக நான் மறந்திருந்த உணர்வு அது. இரண்டு இட்லி கேட்டேன். அப்பா மாடிப்படியில் ஓடிப் போனார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

உடம்பு தேறியதும் கேள்வி பெரிதாயிற்று. சுரப்பி ஏன் நின்றது? “வெளி மாத்திரை எதுவும் இல்லன்னு சொல்றீங்க. அப்போ சுரப்பியிலயே கோளாறுன்னுதான் எடுத்துக்கணும்” என்றார் டாக்டர். காசநோய் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும்; பெரும்பாலும் ஆயுள் முழுவதும் மாத்திரை.

“ஆயுசு முழுக்கவா?” என்றார் அம்மா. பிறகு நான்கு நாட்களாக வைத்திருந்ததைக் கேட்டார்: “ஒரு நாள் சோத்துல உப்பு இல்லாட்டி இப்படி ஆகுமா மேடம்?”

“அதனால மட்டும் சுரப்பி கெடாதும்மா. ஆனா ஏற்கெனவே வீக்கா இருந்திருந்தா, இந்த வெயில்ல உப்பும் இல்லாம இருந்தது கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கலாம். ஏன், உப்பில்லாம சாப்ட்டாரா?”

“நான்தான் குடுத்தேன். எழுதிக்கோங்க.” அம்மா அட்டையைச் சுட்டிக் காட்டினார். “அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கட்டாயப்படுத்தினேன். என் பேருலயே எழுதிக்கோங்க.”

சாட்சியே, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே குடித்தேன் என்று மேலே சொல்லியிருக்கிறேன். என் கணக்கைச் சற்றே நல்லதாக்கித் தன் கணக்கில் சற்றே கூட்டிக்கொண்டார் அவர். டாக்டர் அதையும் எழுதினார். பேச்சுக்குப் பேர்போனவன் பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு அம்மா என் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். உணவைத் தொட்டுத் தருவதும் அப்பா வேலையாயிற்று. கேட்டதற்கு, “என் கை வேணாம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. முற்பகலில் செவிலியர் வந்து, டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் முதல் பிரதியைக் கொடுத்து, பெயரும் வயதும் சரியா என்று பார்க்கச் சொன்னார். நான் முழுவதையும் படித்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். மருந்து எதுவும் உட்கொண்டதாக வரலாறு இல்லை, இருமுறை விசாரிக்கப்பட்டது. அதற்கடுத்த வரி: விழுந்த நாளன்று தாய் உப்பில்லாத உணவு கொடுத்ததாகக் கூறுகிறார்.

இறந்தபின் ஏடு விரிக்கப்படும்போது என்ன தோன்றும் என்று மேடையில் நான் வருணித்திருக்கிறேன். நடுங்குவான், கதறுவான், மறுப்பான் என்றெல்லாம் அடுக்கியிருக்கிறேன். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. எழுத்து தெளிவாக இருந்தது. பிழையில்லாத கையெழுத்து, பிழையில்லாத வாக்கியம். கேட்டு எழுதியது. இரண்டு முறை கேட்டு எழுதியது. நான் வாழும் வரை எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தத் தாள் முன்னால் போகும். அதில் என் அம்மா நிற்பார்.

அம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் செவிலியரிடம், டாக்டரை வரச் சொல்லும்படி கேட்டேன். அம்மாவை வெளியே அனுப்பலாமா என்று நினைத்தேன். அதற்கு வாய் வரவில்லை.

டாக்டர் ஜெசிந்தா வந்தார். “என்ன, ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?”

“இல்லை. நான் சொன்னதில் பிழை. எட்டு மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை போட்டேன். குரலுக்காக. நான்கு மாதமாகத் தினமும். விழாவுக்குப் பத்து நாள் முன்னால் நிறுத்தினேன். ஒரே நாளில்.”

துணி மடிக்கும் சத்தம் நின்றது.

டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “ரெண்டு தடவ கேட்டேன் கதிரவன்.”

“ஆமாம்.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா முதல் நாளே ஊசி போட்டிருப்பேன். மூணு நாள் உங்க பி.பி. எந்த எடத்துல நின்னுச்சு தெரியுமா?” குரலை உயர்த்தாமலே கேட்டார். பிறகு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். “ஒரு விதத்துல நல்ல செய்திதான். சுரப்பி கெடல, தூங்குது. இப்ப நாங்க குடுக்கற மாத்திரைய மெதுவா, மாசக்கணக்குல கொறச்சா பெரும்பாலும் முழிச்சுக்கும். ஆயுசு முழுக்க வேண்டியிருக்காது. நல்ல செய்திதான், ஆனா சந்தோஷமா சொல்ல வரல எனக்கு.”

“உப்பு பற்றிய வரியையும் எடுத்துவிடுங்கள். அம்மா கட்டாயப்படுத்தவில்லை.”

“எங்க சர்ச்சுலயும் உங்க சித்திரகுப்தன் ஏடு மாதிரி ஒரு புஸ்தகம் உண்டு” என்று எழுதிக்கொண்டே சொன்னார். “அதுல இந்த மாதிரி அடிச்சு எழுத விடுவாங்களான்னு தெரியல.” அந்த வரியையும் அடித்தார்.

திரைக்கு அப்பாலிருந்து மாரி அண்ணன் எதையும் சொல்லவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

டாக்டர் போனபின் அம்மா திரும்பினார். “எட்டு மாசமா?”

“ஆமாம்மா.”

“அப்போ உனக்குக் கன்னமெல்லாம் பூரிச்சு வந்துச்சே?”

“அதுவும் மாத்திரையால்தான்.”

கையிலிருந்த சட்டையை மறுபடி உதறி மறுபடி மடித்தார். “நான் போடற சோறுன்னு நெனச்சேன்டா.”

பழி நீங்கியதில் அவர் முகத்தில் ஒரு தெளிவை எதிர்பார்த்திருந்தேன். நான் அவரிடமிருந்து இறக்கி வைத்தது ஒன்று, எடுத்துக்கொண்டது வேறொன்று. ஆட்டோவில் வீடு வரும் வரை அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் மூன்று நாள், சாப்பிட வா, மாத்திரை போடு என்பதற்கு மேல் பேச்சில்லை. விழாக் குழுவினர் தொலைபேசியில் அழைத்து, நடுவரின் தீர்ப்பு நிலுவையில் இருக்கிறது, உடம்பு தேறியதும் மறுபடி நடத்தலாமா என்றார்கள். வழக்கைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். குற்றச்சாட்டில் ஆதாரமில்லை என்றேன். குரல் அப்போது பாதிதான் வந்தது, கரகரத்தது. அதுதான் என்னுடைய குரல் என்று இப்போது தெரிகிறது.

நான்காம் நாள் மதியம் அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். தலை நிமிராமலே கேட்டார்: “அடுத்த வாரம் டாக்டரப் பாக்கப் போறோம்ல. ஏதாச்சும் கேட்டா என்ன சொல்லுவ?”

“அம்மா, இனி என் வாழ்நாளில் எந்தச் சூழலிலும், எவர் முன்னிலையிலும்…”

“மேடைப் பேச்சு வேணாம்டா.” கீரைத் தண்டை ஒடித்துத் தட்டில் போட்டார். “சும்மா சொல்லு. எனக்குக் கேக்கற மாதிரி சொல்லு.”

வாக்கியம் எதுவும் அமையவில்லை. நானும் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்தேன். பிறகு சத்தமாகவே சொன்னேன்:

“மொத தடவ கேக்கும்போதே சொல்லிடறேன்மா. நீ பக்கத்துல நின்னாலும் சொல்லிடறேன்.”